பாராமிலிட்டரி 2-ஆ, பக்அவுட்டா, செபென்ஸாவா? ஒரே ஒரு மடக்குக் கத்தி வாங்குகிறவருக்கு

நல்ல மடக்குக் கத்தி ஒன்று வாங்கலாம் என்று தேடத் தொடங்குகிறவர், எங்கே சுற்றினாலும் கடைசியில் ஸ்பைடர்கோ நிறுவனத்தின் பாராமிலிட்டரி 2 என்ற பெயரில் வந்து நிற்பார். கத்தி ஆர்வலர்கள் சுருக்கமாக பிஎம்2 என்பார்கள். படத்தில் பார்த்தால் இதற்கா இத்தனை பேச்சு என்றுதான் தோன்றும். முதுகு புடைத்த ஒரு பிளேடு, அதில் பெரிய வட்டத் துளை, சொரசொரப்பான கறுப்புப் பிடி. பளபளப்பும் இல்லை, வேலைப்பாடும் இல்லை. ஆனாலும் 2010-இல் வந்த இந்தக் கத்தி இன்றும் விற்பனையில் இருக்கிறது. இந்த அளவில் யார் புதுக் கத்தி கொண்டுவந்தாலும் ஆர்வலர்கள் அதை முதலில் பிஎம்2-க்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

இந்த மாதிரிக் கத்திகளை 'டாக்டிகல்' வகை என்கிறார்கள். படை, போலீஸ், சண்டை என்று நினைக்க வைக்கும் பெயர். ஆனால் இதை விரும்பி வாங்குகிறவர்கள் இதால் வெட்டுவதெல்லாம் அட்டைப்பெட்டி, நைலான் கயிறு, கேபிள் டை, தோட்டத்துக் குழாய், மத்தியானம் ஒரு மாம்பழம். அவர்கள் ரசிப்பது மூன்று விஷயங்களை. ஒரே கையால் திறக்கலாம். திறந்தபின் அசையாமல் நிற்கும். வேலை முடிந்ததும் அதே கையால் மூடலாம். ஏணியின் மேல் நின்று ஒரு கையால் கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு இந்த மூன்றும் சேர்ந்தே வேண்டும்.

முதல் இரண்டையும் ஓரளவு விலை கொடுத்து வாங்கும் எந்தக் கத்தியும் இன்றைக்குச் செய்துவிடுகிறது. வீடியோக்களில் எல்லோரும் காட்டுவதும் சடக்கென்று திறப்பதைத்தான். நான் முதலில் பார்ப்பது அது எப்படி மூடுகிறது என்பதை. கூர் உங்கள் விரல்களை நோக்கி வருவது மூடும்போதுதான். ஒரு நாளில் எத்தனை முறை திறக்கிறீர்களோ அத்தனை முறை மூடியாக வேண்டும், அதுவும் வேலை முடிந்த அலுப்பில், கவனம் வேறெங்கோ இருக்கும்போது. மூடும் விதத்தை முடிவு செய்வது பூட்டு, அதாவது திறந்த பிளேடு தானாக மடங்காமல் பிடித்து வைக்கும் அமைப்பு. அதனால் கீழே பிஎம்2, பக்அவுட், செபென்ஸா என்ற கத்திகளை ஒப்பிட்டிருப்பதாகத் தெரிந்தாலும் உண்மையில் ஒப்பிட்டிருப்பது அவற்றின் பூட்டுகளைத்தான்.

இந்த வகை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம், தேர்வு செய்ய அது உதவும். அமெரிக்காவில் நெடுங்காலம் உறுதியான மடக்குக் கத்தி என்றால் பக் 110. 1964-இல் சந்தைக்கு வந்தது. மரமும் பித்தளையும் சேர்ந்த பிடி, முதுகில் பூட்டு, எடை 200 கிராமுக்கு மேல். தோல் உறையில் போட்டு இடுப்புப் பெல்ட்டில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். திறக்க, பிளேடில் உள்ள பள்ளத்தில் நகத்தை வைத்து இழுக்க வேண்டும், இரண்டு கையும் வேண்டும். 1981-இல் கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகரத்திலிருந்து ஸ்பைடர்கோவின் நிறுவனர் சால் கிளெஸ்ஸர் 'வொர்க்கர்' என்ற கத்தியைக் கொண்டுவந்தார். கட்டைவிரலை வைத்துத் தள்ளித் திறக்க பிளேடிலேயே ஒரு வட்டத் துளை. பாக்கெட் விளிம்பில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். இன்று கடையில் எடுத்துப் பார்க்கிற மடக்குக் கத்தியில் எல்லாம் கிளிப் இருக்கிறதென்றால், அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தது வொர்க்கர். துளை மட்டும் ஸ்பைடர்கோவின் வணிகச் சின்னமாகப் பதிவாகிவிட்டது. மற்றவர்கள் நீள்வட்டமாகவோ, சிறு குமிழாகவோ வைத்துச் சமாளிக்கிறார்கள்.

அதே எண்பதுகளில் மைக்கேல் வாக்கர் லைனர் லாக் என்ற பூட்டைச் செம்மைப்படுத்தினார். பிடிக்கு உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தகட்டில் ஒரு பகுதியை ஸ்பிரிங் மாதிரி உள்பக்கம் வளைத்திருப்பார்கள். பிளேடு முழுதாகத் திறந்ததும் அந்தத் தகடு அதன் அடியில் வந்து முட்டுக்கொடுக்கும். பாப் டெர்சுவோலா, எர்னஸ்ட் எமர்சன் போன்ற கத்திக் கலைஞர்கள் இந்தப் பூட்டையும் டைட்டானியத்தையும் வைத்து, படையினரையும் போலீஸாரையும் மனத்தில் கொண்டு செய்த கத்திகளிலிருந்துதான் டாக்டிகல் வகை உருவானது. 1996-இல் ஸ்பைடர்கோ 'மிலிட்டரி' என்ற பெரிய கத்தியை வெளியிட்டது. அதைச் சுருக்கி, பூட்டையும் மாற்றி, 2004-இல் பாராமிலிட்டரி. திருத்திய பதிப்பு 2010-இல் வந்த பிஎம்2.

பிஎம்2-இன் பூட்டு

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளேடு சுமார் 87 மி.மீ. திறந்தால் மொத்த நீளம் ஏறக்குறைய 21 செ.மீ. எடை 106 கிராம். பிடி ஜி10, அதாவது கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் அழுத்திச் செய்த பலகை. வியர்த்த கையிலும் நழுவாது, வெயிலில் கிடந்தாலும் கோணாது.

பூட்டின் பெயர் கம்ப்ரெஷன் லாக். மேலோட்டமாகப் பார்த்தால் லைனர் லாக்கை எடுத்து முதுகுப் பக்கம் மாற்றி வைத்ததுபோல இருக்கும். வேலை செய்யும் விதம் வேறு. லைனர் லாக்கில் மெல்லிய தகடு தனியாக நின்று பிளேடைத் தாங்குகிறது. விசை கூடினால் அது வளையலாம், பக்கவாட்டில் நழுவலாம். கம்ப்ரெஷன் லாக்கில் தகட்டின் முனை, பிளேடின் அடிப்பகுதிக்கும் ஸ்டாப் பின் என்கிற குறுக்கு ஆணிக்கும் இடையில் ஆப்பாக இறங்குகிறது. பிளேடு மடங்கப் பார்க்கும்போது தகடு இரண்டு எஃகுத் துண்டுகளுக்கு நடுவே அமுங்குகிறதே தவிர வளைவதில்லை. மெல்லிய தகடு வளைவதற்கு எளிதில் இடம்கொடுக்கும், நசுங்குவதற்கு அப்படிக் கொடுக்காது. பூட்டின் வலு அங்கிருந்து வருகிறது.

வலுவைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மூடும் முறை. பிடியின் முதுகில், பிளேடு சுழலும் அச்சான பிவட்டுக்குச் சற்றுப் பின்னால், வெட்டிவிட்ட ஒரு சிறு இடைவெளியில் தகட்டின் விளிம்பு தெரியும். ஆள்காட்டி விரலால் அதை ஓரமாக இழுக்கிறீர்கள். கட்டைவிரலும் மற்ற விரல்களும் பிடியின் இரண்டு பக்கத் தட்டைப் பரப்பையும் பிடித்திருக்கின்றன. கூர் வந்து இறங்கும் பள்ளத்துக்குக் குறுக்கே எந்த விரலும் இல்லை. மணிக்கட்டை லேசாக அசைத்தால் பிளேடு தன் எடையிலேயே இறங்கி உள்ளே உட்கார்ந்துவிடும். தவறிப்போய் ஒரு விரல் வழியில் இருந்தாலும், கூர் தொடங்கும் இடத்துக்கு முன்னால் வெட்டிவிட்டிருக்கும் அரைவட்டப் பள்ளம்தான் முதலில் அதன் மேல் படும். ஆர்வலர்கள் சாய்ல் என்று சொல்லும் அந்த இடத்தில் கூர் கிடையாது. அப்புறம், நுணுக்கமாக வெட்டும்போது ஆள்காட்டி விரலை அதே சாய்லில் வைத்து முன்னால் பிடித்துக்கொள்ளலாம். ஒரே பள்ளத்துக்கு இரண்டு பயன்.

புதிதாக வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: கட்டைவிரலைத் துளையில் வைத்துத் தள்ளினால் பிளேடு அசைய மறுக்கிறது, பிவட் ரொம்ப இறுக்கம் என்று. பெரும்பாலும் பிவட்டின் குற்றம் அல்ல. மூடிய நிலையில் பிளேடைப் பிடித்து வைத்திருப்பதும் அதே பூட்டுத் தகட்டில் பதித்த ஒரு சிறு குண்டுதான். பிடித்திருக்கும் விரல்களில் ஒன்று அந்தத் தகட்டை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருந்தால், குண்டு இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். விரலை நகர்த்திவிட்டுத் தள்ளிப் பாருங்கள், தடையில்லாமல் திறக்கும். இது கைக்குப் பழகிய பிறகு இந்தக் கத்தியைக் கீழே வைக்க மனம் வராது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் திறந்து மூடிக்கொண்டே இருக்கும் ஆர்வலர்கள் நிறைய உண்டு. அவர்களுக்கு இதன் மேல் இருக்கும் பற்றில் பாதியாவது அந்த அசைவிலிருந்து வருவது.

குறைகளும் இருக்கின்றன. பிளேடின் முனை ஊசிபோல் மெல்லியது. பார்சல் டேப்பைக் கீற அருமையாக இருக்கும், பெயிண்ட் டப்பா மூடியை நெம்பினால் ஒடிந்துவிடும். பிளேடின் முதுகுப் புடைப்பினால் மூடிய நிலையிலும் கத்தி அகலமானது, பாக்கெட்டில் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தகட்டை இழுக்கும் திசை வலக்கைக்காரருக்காக அமைந்தது. இடக்கையாலும் இயக்கலாம், ஆனால் இழுப்பதற்குப் பதில் தள்ள வேண்டியிருக்கும். அலுவலகத்தில் சக ஊழியர் ஒருவரின் பார்சலைப் பிரிக்க இதை எடுத்தால் அவர் ஒரு அடி பின்வாங்குவார். அது கத்தியின் குற்றமில்லை என்றாலும் வாங்குகிறவர் யோசிக்க வேண்டிய விஷயம்.

பக்அவுட்: பாதி எடை

கம்ப்ரெஷன் லாக்குக்கு நேர்ப் போட்டி ஆக்சிஸ் லாக். பில் மெக்ஹென்ரி, ஜேசன் வில்லியம்ஸ் என்ற இருவர் வடிவமைத்தது. ஆரெகன் மாநிலத்து பெஞ்ச்மேட் நிறுவனம் 1998-இல் 710 என்ற கத்தியில் அதை அறிமுகப்படுத்தியது. பிடியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரு சிறு எஃகுக் கம்பி குறுக்கே போகிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகள் அதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். பிளேடு திறந்ததும் கம்பி முன்னால் நகர்ந்து பிளேடின் சரிவான அடிப்பகுதியின் மேல் உட்காரும். அந்த அடிப்பகுதி கம்பிக்கும் ஸ்டாப் பின்னுக்கும் நடுவே இறுகிக்கொள்ளும். மூட வேண்டுமென்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு பக்கமும் கம்பியின் தலைகளைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். விரல்கள் பக்கவாட்டிலேயே இருக்கின்றன, கூரின் வழியில் வருவதில்லை. மூடும் பரீட்சையில் இது பிஎம்2-க்குச் சமம். இடக்கைக்காரருக்கு இன்னும் மேல், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

2017-இல் பெஞ்ச்மேட் இந்தப் பூட்டை வைத்து பக்அவுட் என்ற கத்தியைக் கொண்டுவந்தது. பிளேடு 82 மி.மீ., எடை வெறும் 52 கிராம். பிஎம்2-இல் பாதிக்கும் குறைவு. சட்டைப் பாக்கெட்டில் மாட்டினாலும் துணி தொங்காது. பிளேடின் தடிமன் சுமார் 2.3 மி.மீ.தான், பிஎம்2-இல் 3.7. ஆப்பிளையோ கெட்டியான அட்டையையோ வெட்டினால் இந்த வித்தியாசம் உடனே தெரியும். மெல்லிய பிளேடு பொருளைப் பிளக்காமல் நழுவிக்கொண்டு இறங்கும். அன்றாட வெட்டுக்கு இதுதான் சரியான தடிமன் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் பிடியை அழுத்தினால் லேசாக வளைகிறது. எடையைக் குறைக்கப் பிளாஸ்டிக் பிடிக்குள் முழு நீளத் தகடு வைக்காமல் விட்டிருக்கிறார்கள். வெட்டுவதற்கு அது தடையில்லை, கையில் வரும் நம்பிக்கை மட்டும் குறைகிறது. ஸ்பிரிங்குகள் மிக மெல்லிய கம்பிகள், எப்போதாவது ஒன்று முறியும். மற்றொன்று தாங்கிக்கொள்வதால் பூட்டு உடனே கைவிடாது, ஆனால் பழுதுபார்க்க வேண்டியிருக்கும். சாய்லும் கிடையாது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இதே அமைப்பை இன்று வேறு பல நிறுவனங்கள் குறைந்த விலையில் தருகின்றன. இந்தப் பூட்டை முதலில் மலிவாகப் பழகிப் பார்க்க விரும்புகிறவருக்கு அது நல்ல செய்தி.

செபென்ஸா: கை வேலைக்கு ஒரு மரியாதை

தென் ஆப்பிரிக்காவில் பிறந்து, 1989-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து பாய்ஸி நகரத்தில் குடியேறியவர் கிறிஸ் ரீவ். லைனர் லாக்கின் மெல்லிய தகட்டுக்குப் பதிலாக, பிடியின் ஒரு பக்கத்துத் தடித்த டைட்டானியப் பலகையையே வெட்டி ஸ்பிரிங்காக வளைத்தார். இதைத்தான் மற்றவர்கள் ஃபிரேம் லாக் என்கிறார்கள். நீங்கள் கத்தியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்களோ அவ்வளவுக்கு உங்கள் விரல்களே பூட்டையும் அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தப் பூட்டோடு வந்த செபென்ஸா, இன்றுவரை அடிப்படை வடிவம் மாறாமல் தொடர்கிறது. கத்தி எஃகு உலகத்தில் பெரும் பெயர் பெற்ற சிபிஎம் எஸ்30வி எஃகை 2001-இல் குரூசிபிள் நிறுவனத்தின் டிக் பார்பரோடு சேர்ந்து உருவாக்கியதிலும் ரீவுக்குப் பங்கு உண்டு.

மூடும் அளவுகோலை வைத்தால் செபென்ஸா பின்தங்குகிறது. கட்டைவிரலைப் பிடியின் கீழ்ப்பக்கப் பள்ளத்துக்குள் விட்டுப் பூட்டை ஓரமாகத் தள்ள வேண்டும். அந்தக் கணத்தில் கட்டைவிரல் பிளேடு வரும் பாதையிலேயே இருக்கிறது. பிளேடைச் சற்று இறக்கிவிட்டு, விரலை எடுத்துவிட்டு, பிறகு மீதியை மூட வேண்டும். பழகிவிட்டால் கணக்குப் பார்க்காமல் செய்யலாம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் விரல் அந்த வழியாகத்தான் போய் வருகிறது.

அப்படியிருந்தும் பிஎம்2-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுத்து இதை ஏன் வாங்குகிறார்கள்? கையில் எடுத்துத் திறந்து பார்த்தால்தான் அதற்கு விடை கிடைக்கும். பிளேடு வெண்கல வாஷர்களின் மேல் சுழல்கிறது. சடக்கென்று பறக்காது. ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே சீரான, எண்ணெய்ப் பசையுள்ள ஓட்டம். திறந்த பிளேடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் முடியின் அளவுகூட ஆட்டம் இருக்காது. பெட்டிக்குள்ளேயே ஆலன் சாவிகளையும் கிரீஸையும் சேர்த்து அனுப்புகிறார்கள், நீங்களே கழற்றிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள் என்று. கழற்றினால் வரும் பாகங்கள் கொஞ்சம்தான்: இரண்டு பலகை, பிளேடு, வாஷர்கள், சில திருகுகள், ஆணிகள். மண் புகுந்த கத்தியை ஒரு துணியை விரித்துக் கழற்றி, துடைத்து, மறுபடி பூட்டி, முன்போலவே ஓடுவதைப் பார்ப்பதில் இருக்கும் நிறைவுக்கு இந்த விலையைக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்களை நான் மதிக்கிறேன். கைக்கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றும் ஆளா நீங்கள்? செபென்ஸா உங்களுக்கானது. வெறுமனே வெட்டுவதற்கு ஒன்று வேண்டும் என்பவருக்கு அந்தக் கூடுதல் பணம் வீண்.

வலு ஒன்றே முக்கியம் என்றால் கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் ரீகான் 1. அதில் இருப்பது ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்த டிரை-ஆட் லாக். பக் 110-இன் முதுகுப் பூட்டையே எடுத்து, சுமை நேராகப் பூட்டின் அச்சில் விழாமல் ஒரு தடித்த ஸ்டாப் பின் வாங்கிக்கொள்ளும்படி மாற்றியிருக்கிறார். மடக்குக் கத்திகளில் இதைவிட உறுதியான பூட்டைக் காண்பது அரிது. ஆனால் ஸ்பிரிங் மிகக் கடினம். ஒரு கையால் மூட முடியும், வசதியாக மூட முடியாது. பிடியின் சொரசொரப்பு கிளிப் உரசும் இடத்தில் பேன்ட் துணியைத் தின்றுவிடும். தோட்டத்திலும் காட்டிலும் அந்த அளவு வலு தேவைப்படுகிற வேலைக்கு மடங்காத கத்தியோ அரிவாளோதான் சரி என்பது என் எண்ணம்.

விலை குறைவாகத் தொடங்க விரும்பினால் ஆன்டேரியோ ராட் 1, சிவிவி எலிமென்டம் இரண்டும் நம்பி வாங்கலாம். இரண்டும் லைனர் லாக், அதனால் மூடும்போது கட்டைவிரல் விஷயத்தில் செபென்ஸாவுக்குச் சொன்னதே இவற்றுக்கும். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: பாதி விலைக்கு, கால் விலைக்கு என்று வரும் 'பிஎம்2'. அசல் போலவே எழுத்தெல்லாம் பொறித்த போலிகள் ஏராளம். எஃகு என்ன, வெப்பப் பதம் என்ன என்று எதற்கும் உத்தரவாதம் கிடையாது. பூட்டுத் தகடு சரியான இடத்தில் உட்காராமல் இருந்தால் அது விரலோடு போகும் விஷயம். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

எஃகும் சாணையும்

பிஎம்2 முதலில் எஸ்30வி எஃகில் வந்தது, பின்னர் எஸ்45விஎன். இரண்டிலும் வனேடியம் இருக்கிறது. எஸ்30வி-யில் சுமார் 4 சதவீதம். எஃகுக்குள் அது மிகச் சிறிய, மிகக் கடினமான வனேடியம் கார்பைடு துகள்களாக இறுகியிருக்கும். கூர் நெடுநாள் தாங்குவது அவற்றால்தான். அதே துகள்கள்தான் தீட்டும்போது தொல்லையும் தருகின்றன. சாதாரண சாணைக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிட அவை கடினமானவை. கல் எஃகைத் தேய்க்கும், துகள்களைச் சரியாகத் தேய்க்காது. வைரத்தூள் பூசிய தகடு இருந்தால் வேலை சுலபம். கத்தி விலையில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கிவிடுங்கள். ஸ்பைடர்கோவே கத்தி செய்வதற்கு முன்னால் தீட்டும் கருவி விற்ற கம்பெனிதான். அவர்களுடைய ஷார்ப்மேக்கர் என்ற முக்கோணக் கோல் கருவி எழுபதுகளின் கடைசியில் வந்து இன்றும் விற்கிறது.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் இந்தக் கத்திகளைக் கொடுக்காதீர்கள். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் கை கச்சிதம். ஆனால் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் தண்ணீர் இல்லாமல் பிடித்தால் மெல்லிய கூர் சூடேறி, கம்பெனி கொடுத்த பதம் போய்விடும். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் துருவையும் யோசிக்க வேண்டும். எஸ்30வி துருப்பிடிக்காத எஃகு வகையில் சேர்ந்ததுதான். ஆனால் உப்புக் காற்றிலும் வியர்வையிலும் துடைக்காமல் விட்டால் புள்ளி விழும். மீன்பிடிக்க, படகில் போக என்றால் ஸ்பைடர்கோவின் சால்ட் வரிசையைப் பாருங்கள். உப்பைத் தாங்குவதற்கென்றே தேர்ந்தெடுத்த எஃகில் வருகிறது. லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-இல் வந்த மேக்னாகட் எஃகும் கூர், உறுதி, துரு எதிர்ப்பு மூன்றையும் நல்ல அளவில் தருகிறது.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள்?

மேலே சொன்ன அத்தனையையும் ஒரே வரியில் மாற்றிவிடக்கூடியது சட்டம். பிரிட்டனில் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ள அனுமதிப்பது, பூட்டு இல்லாத, கூர் 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியை மட்டுமே. அளவில் சிறியதாக இருந்தாலும் பூட்டு இருந்தால் அந்த விலக்கு கிடையாது என்று 1993-லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. லண்டனில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்தக் கட்டுரையில் உள்ள எந்தக் கத்தியும் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள ஏற்றதல்ல. விக்டோரினாக்ஸின் பூட்டில்லாத சிறு கத்தி போதும். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றி வெளியே எடுத்துச் செல்ல 2008 முதல் தடை. கனடாவில் உதறினாலே திறக்கிற கத்தி தடைசெய்யப்பட்ட ஆயுதமாகிவிடும். அங்கே இருப்பவர்கள் பிவட்டைத் தளர்த்தி வைத்து விளையாடுவதைத் தவிர்க்க வேண்டும்.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் இருக்கின்றன. வீட்டு, விவசாயப் பயன்பாட்டுக்கு அல்லாத, 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலம் தாண்டும் பிளேடுகளை அவை ஆயுதமாகக் கணக்கில் எடுக்கின்றன. இங்கே பேசிய கத்திகள் அந்த அளவுக்கு வெகு கீழே. அதற்காக எங்கும் கொண்டுபோகலாம் என்று அர்த்தமில்லை. நீதிமன்றம், விமான நிலையம், மெட்ரோ, கூட்டம் கூடும் இடங்களில் வாசலிலேயே நிறுத்துவார்கள். பட்டனை அழுத்தினால் ஸ்பிரிங்கில் பாயும் கத்திகளுக்குச் சில இடங்களில் தனிக் கட்டுப்பாடு உண்டு, அந்தப் பக்கமே போக வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் சுங்கத்தில் என்ன சொல்வார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எதை வாங்குவது? கையால் வேலை செய்கிறவர், கிடங்கு, பட்டறை, தோட்டம், மலையேற்றம் என்று சுற்றுகிறவர், வலக்கைக்காரர், பாக்கெட்டில் 100 கிராம் இருப்பதைப் பொருட்படுத்தாதவர் என்றால் பிஎம்2-ஐத் தயங்காமல் வாங்குங்கள். நான் முதலில் கைநீட்டுவதும் அதற்குத்தான். சட்டையை பேன்ட்டுக்குள் விட்டு அலுவலகம் போகிறவருக்கும் இடக்கைக்காரருக்கும் பக்அவுட். செபென்ஸாவை முதல் கத்தியாக யாருக்கும் சொல்லமாட்டேன். சில வருடம் வேறொன்றைப் புழங்கி, தீட்டக் கற்று, கழற்றிப் பூட்டக் கற்ற பிறகு வாங்கினால்தான் அதில் உள்ள வேலை கண்ணில் படும்.

கத்தி கைக்கு வந்ததும் நிதானமாகச் சிலவற்றைப் பாருங்கள். மூடிய நிலையில் பிளேடு இரண்டு பக்கப் பலகைகளுக்கும் நடுவில் இருக்கிறதா? திறந்து பூட்டியபின் பிளேடின் முதுகை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. மேஜையில் ஓங்கித் தட்டிச் சோதிக்க வேண்டாம், அது பூட்டைத்தான் கெடுக்கும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால், நட்சத்திரத் தலை கொண்ட டார்க்ஸ் திருப்புளியால் பிவட் திருகை ஒரு மயிரிழை இறுக்கினால் சரியாகிவிடும். கடைசியாக, மூடிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து ஒரு உதறு உதறிப் பாருங்கள். பிளேடு வெளியே வந்தால் கடைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். வராவிட்டாலும் கிளிப்பைப் பாக்கெட்டின் பின்பக்கத் தையலை ஒட்டியே மாட்டுங்கள். பிளேடின் முதுகு அந்தத் தையலில் சாய்ந்திருந்தால், உள்ளே தானாகத் திறக்க அதற்கு இடமே இருக்காது.